நல்லாத்தானே இருந்தார்!
தலைக்காயத்தின் மறைவான ஆபத்துகள்

(திண்டிவனம் அருகே ஓமந்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊர்ப் பெயரைச் சென்னையில் நோயாளிகள் தினமும் சொல்கிறார்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி" என்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. இந்த ஊரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார் என்பதும் தெரியாது. அவர் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கென்று எழுப்பிய கட்டடம் 2014-இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. ஊர்ப் பெயரும் அதோடு சேர்ந்துகொண்டது.

ரெட்டியார் பதவியேற்ற ஆண்டில் மூளை அறுவைக்கென்று ஒரு தனித்துறை இந்தியாவில் எங்கும் கிடையாது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. உங்களுக்கு ஒரு பக்கம் கோரிமேட்டில் ஜிப்மர், இன்னொரு பக்கம் முண்டியம்பாக்கத்தில் 2010-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. ஸ்கேன் இருக்கிறது, 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. இத்தனை இருந்தும் தலையில் அடிபட்டவர்களில் பலர் எங்களிடம் வந்து சேரும்போது நேரம் கடந்துவிடுகிறது. கூட வந்தவர்களைக் கேட்டால் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில்: "நல்லாத்தானே இருந்தார், டாக்டர். எழுந்து உட்கார்ந்து டீகூடக் குடிச்சாரு."

அவர்கள் பொய் சொல்லவில்லை. நல்லாத்தான் இருந்திருப்பார். அந்த "நல்லாத்தான் இருந்த" நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கிரிக்கெட் பார்க்கிற பெரியவர்களுக்கு ராமன் லாம்பாவை நினைவிருக்கும். இந்தியாவுக்காக 4 டெஸ்ட், 32 ஒருநாள் ஆட்டங்கள் ஆடியவர். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில், பங்கபந்து மைதானத்தில் உள்ளூர் லீக் போட்டி. மட்டையாளருக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் போய் நின்றார். ஹெல்மெட் வேண்டுமா என்று அணித்தலைவர் கேட்டார். ஓவரில் இன்னும் மூன்று பந்துதானே, எதற்கு என்று விட்டுவிட்டார். அடுத்த பந்தை மட்டையாளர் ஓங்கி அடிக்க, அது லாம்பாவின் தலையில் பட்டுத் தெறித்து விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. மட்டையாளர் அவுட். ஆட்டக்காரர்களின் கவனம் விக்கெட்டில் இருந்தது. லாம்பா எழுந்தார். ஒன்றுமில்லை என்றார். தன் காலாலேயே நடந்து ஓய்வறைக்குப் போனார். சிறிது நேரத்தில் நினைவிழந்தார். மண்டைக்குள் ரத்தக்கசிவு. அறுவை நடந்தது, டெல்லியிலிருந்து நிபுணர் வரவழைக்கப்பட்டார். பிப்ரவரி 23 அன்று இறந்துபோனார். வயது 38.

இன்னொன்று, 2009 மார்ச் மாதம் நடந்தது. ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். கற்றுக்கொள்கிறவர்களுக்கான சிறிய சரிவுதான். ரத்தம் இல்லை, காயம் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு மணி நேரம் போனதும் தலைவலி என்றார். இரண்டு நாளில் உயிர் போயிற்று.

இவர்கள் இருவருக்கும் பணமோ வசதியோ ஆள் துணையோ குறைவில்லை. குறைந்தது என்ன? அடிபட்டவரே "எனக்கு ஒண்ணுமில்லை" என்றார், சுற்றியிருந்தவர்கள் அதை நம்பினார்கள். கையில் அடிபட்டால் கை வலிக்கிறது என்று மூளை சொல்லும். மூளைக்கே அடி என்றால் யார் சொல்வது? தன் நிலைமை என்ன என்று எடைபோட வேண்டிய உறுப்பே அடிபட்டுக் கிடக்கிறது. அதனால் தலையில் அடிபட்டவரின் வாக்குமூலம் செல்லாது. பக்கத்தில் இருப்பவர்தான் சாட்சி.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் கன்னப்பொறி என்றும் சொல்வோம். மண்டையோட்டில் எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் மயிரிழை விரிசல் விட்டாலே அந்தத் தமனி கிழியக்கூடும். கிழிந்தால் ரத்தம் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே சேரத் தொடங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

மண்டையோடு விரியாது. உள்ளே மூளை ஒன்றேகால் கிலோவுக்கு மேல், அதைச் சுற்றித் தெளிந்த நீர், ஓடும் ரத்தம், இவ்வளவுதான் இடம். புதிதாக ரத்தம் சேரும்போது முதலில் அந்த நீர் முதுகுத்தண்டுப் பக்கம் விலகி வழிவிடும். அதுவரை ஆள் பேசுவார், நடப்பார், டீ குடிப்பார், வண்டியை நிமிர்த்தி வைக்கச் சொல்வார். விலக இடம் தீர்ந்ததும் மூளை நசுங்கத் தொடங்கும். தலைவலி கூடும், வாந்தி வரும், பேச்சு குழறும், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகும். பிறகு மூச்சை ஆளும் பகுதி அழுந்தும். முதல் கட்டம் சில மணி நேரம்கூட நீடிக்கலாம். கடைசிக் கட்டத்துக்கு நிமிஷக் கணக்குதான்.

இதில் என் போன்றவர்களுக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த வகைக் கசிவில் பல நேரம் மூளைக்கு அதிகச் சேதமே இருக்காது. எலும்பைத் திறந்து, ரத்தக்கட்டியை எடுத்து, கிழிந்த குழாயை அடைத்துவிட்டால் ஆள் பழையபடி நடந்து வீட்டுக்குப் போகலாம். பிழைக்க வேண்டியவரைத்தான் "கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று பாய் விரித்துப் படுக்க வைக்கிறோம்.

இது வேகமாக வரும் ஆபத்து. மெதுவாக வருவதும் உண்டு. அது வீட்டுப் பெரியவர்களைத் தேடி வரும்.

நெற்றுத் தேங்காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே கொப்பரை குலுங்குகிறது அல்லவா? வயதானால் மூளையும் கொஞ்சம் சுருங்கி, ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கும். பாத்ரூமில் வழுக்கிச் சுவரில் தலை இடித்தாலே ஒன்று அறுந்துவிடலாம். சிரையிலிருந்து கசிவது மெதுவாகக் கசியும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் சேரும். அறிகுறி தெரியும்போது விழுந்ததே மறந்துபோயிருக்கும்.

ஒரு பெரியவரை மகனும் மருமகளும் அழைத்து வந்தார்கள். எழுபது தாண்டியவர், நிலபுலன்களைத் தானே பார்க்கிறவர். சில வாரங்களாகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறாராம். ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்கிறாராம். "வயசாயிடுச்சு டாக்டர், மறதி" என்றார் மகன். மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாமாவுக்கு இடது கால் செருப்பு மட்டும் கழண்டு விழுது. விழுந்தது தெரியாமலே நடந்து போறாங்க. இலையில இடப்பக்கம் வச்சதை எடுக்கவே மாட்டேங்கிறாங்க." அந்தப் பெண் சொன்னதில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. ஸ்கேனில் வலப்பக்கம் ரத்தம் தேங்கி மூளையைத் தள்ளிக்கொண்டிருந்தது. எலும்பில் சிறு துளை போட்டோம், கறுத்து நீர்த்துப்போன ரத்தம் வடிந்தது. அவ்வளவுதான் வைத்தியம். சில நாளில் கிணற்று மோட்டாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மகனை அதட்டத் தொடங்கிவிட்டார்.

ஆகவே, பெரியவர் ஒருவருக்கு மறதியோ நடையில் தள்ளாட்டமோ சில வாரங்களுக்குள் திடீரென்று வந்தால் "வயசு" என்று முடிவு கட்டாதீர்கள். முதுமை மறதி வருஷக் கணக்கில் வருவது. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா என்று கேளுங்கள்.

இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டுவது ரத்தத்தை இளக்குகிற மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். இதய வால்வு மாற்றியவர்களுக்கு அசிட்ரோம் அல்லது வார்ஃபரின். அவசியமான மாத்திரைகள், பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவருக்குத் தலையில் லேசான அடி பட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் முதல் வேலையாக மாத்திரைச் சீட்டைக் காட்ட வேண்டும். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்து, பிறகு கசிவு வருவதும் உண்டு.

அடுத்து, சொல்லக் கூச்சப்படுகிற ஒன்று. குடித்தவர் கீழே விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடை அடித்தால் போதும், ஊரே தீர்ப்பு எழுதிவிடும். "போதை தெளிஞ்சா எழுந்து வருவான்." திண்ணையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குடிக்கிறவர்தான் அடிக்கடி விழுகிறார், தொடர்ந்து குடித்துக் கல்லீரல் கெட்டவருக்கு ரத்தம் உறைவதும் தாமதம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. போதை என்றால் நேரம் ஆக ஆகத் தெளிய வேண்டும். நேரம் ஆக ஆக மங்கிக்கொண்டே போனால் அது போதை இல்லை. குறட்டை சத்தம் கேட்கிறது, நன்றாகத் தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள். தோளைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் 108.

குழந்தைகளைப் பற்றிப் பெண்கள் கேட்பீர்கள். தூளியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ விழுந்த குழந்தை உடனே அழுது, சமாதானமாகி, பால் குடித்து, வழக்கம்போல விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை, ஆனாலும் ஒரு நாள் முழுக்கக் கண்ணில் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளை என்றால் அறிகுறியே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, ஸ்கேன் எடுத்தாயிற்று, "நார்மல்" என்று வந்துவிட்டது. முடிந்ததா? எல்லோருக்கும் இல்லை. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் தொழிலையே மாற்றிய கருவி அது. ஆனால் ரத்தமும் எலும்பு முறிவும்தான் அதில் நன்றாகத் தெரியும். தலை சட்டென்று சுழன்று குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபட்டுப்போவது பல நேரம் தெரியாது.

அப்படிப்பட்டவருக்குத் தலைவலி இருக்கும், வெளிச்சம் கூசும், தூக்கம் கெடும், கணக்குப் போட்டால் பாதியில் நிற்கும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகும். சிலருக்கு நீடிக்கும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதால் வீட்டில் "நடிக்கிறான், வேலைக்குப் போகச் சோம்பல்" என்று பேச்சு வரும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர் குணமே மாறிப்போவதும் உண்டு. சாதுவாக இருந்தவர் கை ஓங்குகிறார், கணக்காகச் செலவு செய்தவர் வாரி இறைக்கிறார். மனைவிமார்கள் எங்களிடம் சொல்வது: "உசுரோட வந்துட்டாரு, ஆனா இது எங்க வீட்டுக்காரர் இல்ல சார்." பேய் ஓட்டவும் கயிறு கட்டவும் கிளம்புவதற்கு முன் பழைய விபத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். மாதங்கள் கழித்து வரும் வலிப்புக்கும் இதே பேச்சுதான். அப்போது கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இன்னொரு நஷ்டம், பிறர் கண்ணுக்கே தெரியாதது. மோப்ப நரம்புகள் மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே மூக்குக்கு இறங்குகின்றன. பின்தலையில் பலமான அடி விழுந்தால் அவை அறுந்துபோகலாம். சாம்பார் அடிப்பிடிக்கும் வாடை தெரியாது, சோறு ருசிக்காது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இது எத்தனை பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

கபடி ஆடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தில் தலை மோதிக் கண் இருட்டினால், முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி களத்தில் இறக்குகிறீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை மளமளவென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தலை மோதிக் கிறுகிறுத்தவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஃபைனலாக இருந்தாலும் முடிந்ததுதான்.

இப்போது, சாட்சியாக நிற்க வேண்டிய உங்கள் வேலை என்ன என்று பார்ப்போம். 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். மூன்றே விஷயம்: கண் திறக்கிறாரா, பேச்சு எப்படி இருக்கிறது, சொன்னபடி கையை அசைக்கிறாரா. மொத்தம் 15 மதிப்பெண், மிகக் குறைந்தது 3. நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம், இந்த மூன்றையும் பார்த்தால் போதும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். "இன்னைக்கு என்ன கிழமை? காலையில என்ன சாப்பிட்டீங்க? கூட வந்தது யாரு?" என்று கேளுங்கள். இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்ந்தால் கவனியுங்கள். ஒரு மணி நேரம் முன்பு இருந்ததைவிட இப்போது மோசமா என்பதுதான் முக்கியம்.

தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்பார்கள். தூக்கம் கெடுதல் செய்யாது. தூங்குகிறவரை யாரும் பார்க்காமல் விடுவதுதான் கெடுதல். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் முதல் இரவு தனியே படுக்க விடாதீர்கள். டாக்டர் சொன்னபடி அவ்வப்போது எழுப்பி இரண்டு வார்த்தை பேச வைத்துவிட்டு மறுபடி தூங்க விடுங்கள்.

உடனே கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள் இவை: ஒரு நொடியாவது நினைவு தப்பியது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறல், கை கால் பலவீனம், விழுந்தது எப்படி என்றே நினைவில்லாதது, காதின் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கறுத்துக் கட்டுவது, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிவது. அந்த நீர் சளி அல்ல, மூளையைச் சுற்றி இருக்கும் நீராக இருக்கலாம். பஞ்சை வைத்து அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. காயத்தில் காப்பித்தூளை வைத்து அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும், எலும்பு அமுங்கியிருந்தால் அந்த இடத்தில் அழுத்தமும் வேண்டாம். அரை நினைவில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துத் தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோகாதீர்கள். தலையில் பலத்த அடி என்றால் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். தலையையும் கழுத்தையும் ஒரே நேர்க்கோட்டில் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை மூச்சைக் கவனியுங்கள்.

செலவுக்கும் போலீசுக்கும் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு இரண்டு செய்தி. நமக்கு அருகில் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை. தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. இரண்டாவது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்கு வராது, பெயர் விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

கடைசியாக ஹெல்மெட். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் ஏறக்குறைய 69 விழுக்காடும், மரணம் 42 விழுக்காடும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஹெல்மெட்டின் வெளி ஓடு மட்டும் உயிரைக் காப்பதில்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுக்கு மறுபடி அந்த வேலையைச் செய்யத் தெம்பில்லை, மாற்றிவிடுங்கள். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் தலை தரையில் படுவதற்கு முன்னே ஹெல்மெட் பறந்து போயிருக்கும். போலீசைக் கண்டால் மாட்டுவதற்கென்று டேங்க் மேல் வைத்திருப்பது யாரைக் காக்கும்?

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் அது கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. 2015 ஜூலை முதல் உயர்நீதிமன்ற உத்தரவும் சேர்ந்து அதை வலியுறுத்தியது. நம் ஊர்களில் பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை என்று போகிறார்கள். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையில் வண்டி எகிறுகிறது, அல்லது முந்தானை சக்கரத்தில் சிக்குகிறது. பின்பக்கமாக விழுந்து பிடரி தார்ச்சாலையில் மோதுகிறது. வண்டி ஓட்டிய கணவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. வீட்டில் ஒரு ஹெல்மெட் இருந்தால் அது ஆணுக்கு என்பது எப்படி வழக்கமாயிற்று என்று நீங்கள்தான் உங்கள் வீட்டில் கேட்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இன்று இரவு வீட்டில் யார் யார் ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாத்ரூம் தரையில் பாசி இருந்தால் நாளைக்கே தேய்த்துவிடுங்கள். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து கிளம்பினால், அவர் கோபித்துக்கொண்டாலும் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். இந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள ஆள் இருந்த வீடுகளில்தான் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

மாத்திரைச் சீட்டும் ஸ்கேன் படமுமாகச் சிலர் வந்திருப்பதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொருவராக வாருங்கள்.